2007-இல் பிறந்த கடற்கரை

(திருச்சி கே.கே. நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில், ரீயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாக ஆளப்படுகிறது. கடைத்தெருவில் செல்லும் காசு யூரோ. திருச்சியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தீவின் தென்கிழக்கு ஓரத்தில் லெ திராம்ப்லே என்ற சிற்றூரையொட்டி ஒரு மணல்கரை. 2007 மார்ச் மாதம் வரை அந்தக் கரை உலகில் இல்லை. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்தக் கரையின் மணல் கறுப்பு. கையில் அள்ளி வெயிலில் பிடித்தால் கறுப்புக்கு நடுவே பச்சைப் பச்சையாகப் பொடிகள் மின்னும். பின்னால் திரும்பினால் மரமில்லாத கரும்பாறைச் சரிவு. அதற்கு மேலே காடு. காட்டுக்கு மேலே பெரும்பாலும் மேகம். மேகம் விலகும் காலை வேளைகளில் 2,632 மீட்டர் உயரமுள்ள எரிமலையின் தோள் தெரியும். பெயர் பித்தோன் த லா ஃபுர்னேஸ். உலகில் மிக அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது பொங்குகிறது. முன்னால் கடல். அண்டார்க்டிகா வரை குறுக்கே பெரிய நிலம் ஏதும் இல்லாததால் தெற்கிலிருந்து வரும் அலை எங்கும் இளைப்பாறாமல் நேரே வந்து அந்தப் பாறையில் மோதுகிறது.

கடற்கரை என்றதும் நமக்கு வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் நினைவுக்கு வரும். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல், சமநிலம், தென்னை, கட்டுமரம். காவிரிக்காரர்களுக்கு நிலம் என்பது ஆறு கொடுப்பது. லெ திராம்ப்லேயில் நிலத்தைக் கொடுப்பது நெருப்பு. அதை விளங்கிக்கொள்ள 2007-இல் நடந்ததை முதலில் பார்த்துவிடலாம்.

அந்த ஆண்டு மார்ச் 30 அன்று மலை வாய் திறந்தது. சில மணி நேரத்தில் அடங்கியது. ஏப்ரல் 2 அன்று, உச்சியிலிருந்து வெகுதூரம் கீழே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் மலையின் விலா வெடித்துப் பிளந்தது. எரிகுழம்பு அன்றைக்கே கடலைத் தொட்டுவிட்டது. தீவைச் சுற்றி ஓடும் தேசிய நெடுஞ்சாலையை அது வழியில் விழுங்கியது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளச் சாலை, சில இடங்களில் பல மாடி உயரக் கனத்துக்கு, பாறைக்குள் புதைந்தது. லெ திராம்ப்லே மக்களை அரசு வெளியேற்றியது. மே 1 வரை மலை ஓயவில்லை. உயிர்ச்சேதம் இல்லை.

இதற்குள் உச்சியில் இன்னொன்று நடந்தது. அடியில் இருந்த குழம்பெல்லாம் விலா வழியாக வெளியேறிவிட்டதால் உள்ளே வெற்றிடம் விழுந்தது. ஏப்ரல் 5, 6 தேதிகளில் தொலொமியே என்ற பெரிய வாயின் தரை அப்படியே கீழே அமிழ்ந்தது. அமிழ்ந்த ஆழம் ஏறக்குறைய 330 மீட்டர். நம் மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். அதுபோல நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி அந்தக் குழிக்குள் மறைத்துவிடலாம். எரிமலைத் தரை இந்த அளவுக்கு இறங்குவதைக் கருவிகளோடு பக்கத்தில் இருந்து பதிவுசெய்யும் வாய்ப்பு அறிவியலுக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

கடலோரத்தில் நடந்ததுதான் இன்றைய பேச்சின் மையம். ஆயிரத்து நூறு டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும் குழம்பு கடல்நீரில் விழுந்தால் நிதானமாக உறைய அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மேற்பரப்பு கண்ணாடியாக இறுகி, அந்த நொடியே சிதறுகிறது. கோடிக்கணக்கான கறுப்புக் கண்ணாடித் துகள்கள். உப்புநீர் கொதித்து எழும் வெண்புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருக்கும். காற்று திசை மாறினால் மூச்சு முட்டும். நீருக்கடியில் ஏற்பட்ட சூட்டில் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. அவற்றைச் சேகரித்த ஆய்வாளர்கள் அந்தத் தீவுப் பகுதியில் முன்பு பதிவாகாத வகைகளையும் அவற்றில் கண்டார்கள்.

துகள்களை அலை எடுத்தது, உருட்டியது, கரையில் சேர்த்தது. பச்சைப் பொடி எங்கிருந்து வந்தது? அது ஆலிவின் என்ற கனிமம். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கும் கல்லும் அதே இனம்தான். 2007 வெடிப்பின் பிற்பகுதியில் வந்த குழம்பில் ஆலிவின் படிகங்கள் மிக அதிகம். அவை கறுப்புத் துகளைவிடக் கனமானவை. அலை பின்வாங்கும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு போகும், கனமானது தங்கிவிடும். நாள்தோறும் இப்படிப் புடைத்துப் புடைத்து அலையே பச்சை மணலைத் தனியே பிரித்து வைக்கிறது. ஒரு கடற்கரை தோன்றுவதை மனிதர் தம் வாழ்நாளில் தொடக்கம் முதல் பார்ப்பது பெரும்பேறு.

பாறை ஆறுவதற்கு ஆண்டுகள் ஆயின. மழை பெய்யும் நாள்களில் அந்தச் சரிவிலிருந்து நெடுங்காலம் ஆவி எழுந்துகொண்டிருந்தது. சாலையை ஆறாத பாறைமேலேயே மறுபடி போட்டார்கள். அங்கே மழைக்கும் பஞ்சமில்லை. 1966 ஜனவரியில் தெனீஸ் புயலின்போது இதே மலைப்பகுதியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலகச் சாதனை அது. திருச்சியில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட ஏறக்குறைய இரு மடங்கு, ஒரே நாளில்.

அந்த மழையை நம்பித்தான் உயிர் திரும்புகிறது. முதலில் வருவது சாம்பல் நிற லைக்கன். பாறைமேல் வெள்ளி பூசியது போலப் படரும். அதன் பின் வெடிப்புகளில் பெரணிச்செடி. பிறகு குற்றுமரங்கள். மழை மிகுந்த சரிவுகளில் சில நூற்றாண்டுகளில் காடு மூடிவிடும். இந்த எரிமலைச் சரிவுக்குக் கிராண் புருலே என்று பெயர். சேந்த் ரோஸ், சேன் ஃபிலிப் என்ற இரு ஊராட்சிகளுக்கு நடுவே கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரும் பள்ளம் அது. அதைக் குறுக்கே கடக்கும் சாலையோரம் ஒவ்வொரு பாறை ஓட்டத்துக்கும் அது இறங்கிய ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டியில் போகிறவர் வெறும் பாறை, லைக்கன், பெரணி, மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தாவரவியல் பாடப்புத்தகம் கிடையாது.

சுற்றுலா விளம்பரங்கள் இந்தக் கரையைத் ‘தெற்குக் காட்டுக்கரை’ என்று கொண்டாடுகின்றன. காட்டுக்கரை என்பதில் தவறில்லை. ஆளற்ற கரை என்று அதைப் படித்துவிட்டால்தான் பிழை. உண்மையிலேயே ஆளற்ற எரிமலைக் கரை ஒன்று இந்தியாவிடமே இருக்கிறது: அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே பாரன் தீவு. 1991-இல் நெடுந்தூக்கம் கலைந்து பொங்கிய அது, இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. அங்கே வீடு இல்லை, வயல் இல்லை. கிராண் புருலேயின் இருபுறமும் இரண்டும் இருக்கின்றன.

சேன் ஃபிலிப் ஓரமாக நடந்தால் கண்ணில் முதலில் படுவது தாழை. நம் கடலோரத் தாழைக்கு உறவுக்காரச் செடி. அங்கே வக்கோவா என்கிறார்கள். அதன் ஓலையைக் கிழித்துக் கூடையும் தோள்பையும் முடைவது அந்த ஊர்ப் பெண்களின் நெடுங்காலக் கைத்தொழில். சணல் சாக்கு வருமுன் தீவின் சர்க்கரை அந்த ஓலைப்பையில்தான் கப்பலேறியது. காட்டுநிழலில், பழைய குழம்புப் பாறைமேல், வனிலாக் கொடி. அந்தக் கொடியின் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைக்கும் எளிய வழியை 1841-இல் கண்டவன் எத்மோன் என்ற 12 வயதுச் சிறுவன். சேந்த் சூசானில் ஒரு தோட்ட முதலாளியின் அடிமை. மெக்சிகோவுக்கு வெளியே வனிலா ஒரு வாணிபப் பயிரானது அவன் விரல் நுட்பத்தால். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் அல்பியூஸ் என்று குடும்பப்பெயர் கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை. 1880-இல் வறுமையிலேயே இறந்தார். உலகெங்கும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அங்கே வாழ்கிறவர்கள் மலையோடு சண்டையிடுவதில்லை, அதைக் கவனிக்கிறார்கள். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பள்ளத்தைத் தாண்டி பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள்ளேயே இறங்கியது. வீடுகள் எரிந்தன. ஊர் மாதா கோயிலின் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கோயிலுக்கு இப்போது நோத்ர் தாம் தே லாவ் என்று பெயர், எரிகுழம்பின் அன்னை. பக்தர்கள் அற்புதம் என்கிறார்கள். அரசு செய்தது வேறொன்று: 1979-இல் பூர் மூரா என்ற மலையூரில் எரிமலை ஆய்வகம் திறந்தது. நில அதிர்வு, மலைச்சரிவு எத்தனை மில்லிமீட்டர் புடைக்கிறது, என்ன வாயு கசிகிறது என்று இரவும் பகலும் அங்கே அளந்துகொண்டே இருக்கிறார்கள். 1986-இல் சேன் ஃபிலிப் பக்கம் குடியிருப்புக்குள் குழம்பு வந்து, கடலுக்குள் புதுநிலத்தை நீட்டியபோதும், 2007-லும் மக்கள் முன்கூட்டியே நகர்ந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. வேண்டுதலும் அளவுகருவியும் அந்த ஊரில் ஒன்றையொன்று விரட்டுவதில்லை.

இனி இந்த நெருப்புக்கும் நமக்கும் உள்ள உறவு. இரண்டு உறவுகள். ஒன்று பூமிக்கடியிலானது.

ரீயூனியனுக்கு அடியில் பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் எழும் ஓர் ஊற்று இருக்கிறது. புவியியலார் அதை வெப்பப்புள்ளி என்பார்கள். ஊற்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, அதன்மேல் பூமியின் ஓடு நகர்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊற்றின்மேல் இருந்தது வேறெதுவும் அல்ல, இந்தியா. அப்போது நம் நிலம் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருந்தது. வடக்கு நோக்கி இன்றைய வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஊற்று வெடித்துக் கொட்டிய குழம்புதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை. இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த பாறை அது. சிவாஜியின் மலைக்கோட்டைகள் நிற்கும் பாறையும் அது.

இந்தியா நகர்ந்து போய்விட்டது. ஊற்று தொடர்ந்து எரிந்தது. கடலடியில் அது விட்டுச்சென்ற மலைத்தொடர்மேல்தான் பின்னாளில் பவளம் வளர்ந்து மாலத்தீவும் சாகோசும் உண்டாயின. பிறகு மொரீசியசு. கடைசியாக, கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில், ரீயூனியன். 1987-இல் ஆழ்கடல் துளைக்கும் ஆய்வுக்கப்பல் ஒன்று இந்த வரிசையில் பாறை எடுத்து வயதைக் கணித்தது. தெற்கே வர வர வயது குறைந்தது. லெ திராம்ப்லேயின் கரும்மணல் அந்த நெடுங்கதையின் ஆக இளைய வரி.

தக்காணம் எரிந்த காலத்தில் திருச்சிப் பக்கம் என்ன இருந்தது? கடல். அரியலூர், பெரம்பலூர் மண்ணில் கிடைக்கும் சங்கும் நத்தையும் அம்மோனைட் சுருளும் அதன் சாட்சி. 1862-இல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலப் புவியியலாளர் இந்தப் படிவுகளை விவரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளுக்கு நம் ஊர்ப்பெயர்களையே இட்டார். உலகப் புவியியல் நூல்களில் அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. சாத்தனூர்க் கல்மரம் அந்தக் கடலோரம் அடித்துவரப்பட்டது. கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தப் பழங்கடலின் பாசியும் பவளமும் படிந்தது. இந்த நகரின் சுவர்களில் அந்தக் கடலின் எச்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதே கடலின் படிவான காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களைக் குப்பை கொட்டும் இடமாக நினைக்கிறவர்கள் இருப்பது வேதனை. வேறு நாடாக இருந்தால் வேலி போட்டு, பலகை வைத்து, பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கூட்டிவருவார்கள்.

இரண்டாவது உறவு மனிதர்களுடையது. 1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! முதலாளிகளின் கண் புதுச்சேரி, காரைக்கால் மேல் விழுந்தது. 1860 ஜூலை 25 அன்று ஆங்கிலேய அரசும் பிரெஞ்சு அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் எடுக்க வழி திறந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம். பஞ்சம், கடன், தரகரின் பேச்சு எல்லாம் சேர்ந்து காவிரிப் படுகைக் கூலிக் குடும்பங்களைக் காரைக்கால் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த நூற்றாண்டில் ரீயூனியனுக்குப் போன இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். கரை இறங்கியதும் லா கிராந்த் ஷலூப் என்ற ஒதுக்குப்புறக் கடலோரத்தில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைத்தார்கள். பின்னால் செங்குத்து மலை, முன்னால் கடல். கட்டடம் இன்றும் நிற்கிறது, நினைவிடமாக. தோட்டங்களில் நடந்த கொடுமை பற்றி 1877-இல் இரு அரசுகளின் கூட்டுக் குழு விசாரித்தது. 1882-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

தொலைதூரக் கரை என்று நாம் இன்று ஆசையோடு சொல்வதை அவர்கள் எந்த மனத்தோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதக் கப்பல் பயணம். இறங்கினால் வானைத் தொடும் மலை, இரவில் சிவக்கும் உச்சி. தஞ்சை சமவெளியில் குன்றைக்கூடப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் பலர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் அந்த மண்ணையே ஊராக்கிக்கொண்டார்கள்.

ஊராக்கியது எப்படி என்பதற்குக் கோயில்களே விடை. தோட்டத்து மூலையில் கூரைக் கொட்டகையாகத் தொடங்கியவை இன்று சேன் ஆந்த்ரே, சேன் பியேர், சேன் தெனி நகரங்களில் கோபுரங்களாக நிற்கின்றன. பாண்டியாலே என்று அவர்கள் அழைக்கும் அம்மன் நம் திரௌபதிதான். பதினெட்டு நாள் விரதம் இருந்து தீ மிதிக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தமிழ் பேசும் வழக்கம் வீடுகளில் அற்றுவிட்டது. கிரியோல் மொழியே தாய்மொழி. ஆனாலும் ராமசாமி, வீராபுலே, முத்துசாமி என்ற குடும்பப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் தொடர்கின்றன. சேன் ஆந்த்ரேயின் மேயராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ழான் போல் வீராபுலே அவர்களில் ஒருவர். அந்தத் தீவின் நெருப்பை மலையில் பார்த்தவர்கள் தங்கள் நெருப்பைக் கோயில் வாசலில் அணையவிடவில்லை. மொழியைப் பறிகொடுத்தும் விரதத்தைக் காப்பாற்றிய அந்த உறுதிக்கு நம் ஊர் மேடைகள் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை.

அங்கே போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. லெ திராம்ப்லே குளிக்கும் கரை அன்று. சரிவு செங்குத்து, இழுப்பு கடுமை. 2011 முதல் சுறா தாக்கி அடுத்தடுத்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், 2013 முதல் பவளத்திட்டு காக்கும் மேற்குக் கரையிலும் காவலுள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் கடலில் இறங்கத் தடை வந்தது. பச்சை மணலைப் புட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். ஆலிவின் நிறைந்த அந்தக் குழம்பு மறுபடி எப்போது கடலுக்கு வரும் என்று யாரும் தேதி குறிக்க முடியாது. இருக்கும் மணல் கரைந்தால் கரைந்ததுதான். 2010-இல் யுனெஸ்கோ அந்தத் தீவின் மலைமுடிகளையும் செங்குத்துச் சுவர்களையும் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. பச்சை மணல் அந்த மலையின் பிள்ளை.

இன்னொரு வேலை இங்கேயே, திருச்சியிலேயே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் எண்ணிட்டுப் பதிந்த பேரேடுகள் ரீயூனியன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள் பல இன்று அடையாளம் தெரியாமல் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் இறங்கி, புதுச்சேரி, காரைக்கால் என்று தேடி வருகிறார்கள். லால்குடிப் பக்கம், முசிறிப் பக்கம், குளித்தலைப் பக்கம் உள்ள சிற்றூர்களின் பழைய பெயர்களும் மருவிய பெயர்களும் நம் முதியவர்களுக்குத்தான் தெரியும். கல்லூரி வரலாற்றுத் துறைகள் மனம் வைத்தால், அந்த முதியவர்களிடம் கேட்டு ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுத்துவிடலாம். ‘ரேனியோனுக்குப் போனவர்’ என்றோ, தீவின் பழைய பெயரால் ‘புர்போனுக்குப் போய்த் திரும்பாதவர்’ என்றோ ஒரு பாட்டன் பெயர் உங்கள் வீட்டுப் பேச்சில் எப்போதாவது அடிபட்டிருந்தால், அந்தப் பெயரையும் ஊரையும் அவர் போன காலத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் போதும். அவர்கள் தொகுக்கத் தயாராக இருக்கிறார்கள்.